மூன்று பேட்டரியும் நாற்பத்தாறு கிலோமீட்டரும்

எக்ஸ்ரே அறையில் அவர் ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க... அசையாதீங்க... ம், விடுங்க." பதினெட்டு ஆண்டுகளாக இதையே சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிவிட்டது, வீட்டில் கணவர் தும்மப் போகும்போதுகூட வாய்தவறி, "பிடிங்க" என்று சொல்லிவிடுவார். மருத்துவமனையிலும் சரி, மிதிவண்டிச் சங்கத்திலும் சரி, எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே அக்கா.

அசையாத மனிதர்களைப் படமெடுத்துச் சம்பளம் வாங்குகிற ஒருவருக்கு, ஓடுகிற சாலையைப் படமெடுக்கும் பித்து எப்படிப் பிடித்தது என்று கேட்டால், "எல்லாம் என் மக பண்ண வேலை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். மகள் மேற்படிப்புக்குப் போனபோது தன் மிதிவண்டியை மாடிப்படியின் கீழே விட்டுவிட்டுப் போனாள். அக்காவுக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. மருத்துவமனையின் பின்புற வாகன நிறுத்தத்தில், காவலாளி இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவர, இரண்டு வாரத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டார். முழங்காலில் அடிபட்டபோது தம் முழங்காலைத் தாமே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "ஒண்ணுமில்ல" என்று தமக்குத் தாமே சான்று வழங்கிக்கொண்டார். பிறகு மகள் வேலைக்குப் போய், முதல் சம்பளத்தில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியதொரு கேமராவையும், அதை மிதிவண்டியின் கைப்பிடியில் இறுக்கி வைக்கும் பிடியையும் வாங்கி அனுப்பினாள். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பித்து.

முதல் பயணத்துப் படத்தில் பிரேக் கம்பியும் பாதி வானமும் விழுந்திருந்தன. இரண்டாவது படம் முழுவதும் முன்சக்கரம். மூன்றாவது பயணத்தில்தான், பிடியை ஒரு விரற்கடை நிமிர்த்தி வைத்தால் சாலை நடுவில் வரும் என்று கண்டுபிடித்தார். கரடுமுரடான பாதையில் படம் நடுங்கியது. நெஞ்சுப் படம் எடுக்கையில் நோயாளி அசைந்துவிட்டால் ஒரு விலா எலும்பு இரண்டாகத் தெரியும் என்பதை அறிந்தவர், விட்டுவிடுவாரா? பழைய டியூபிலிருந்து ஒரு ரப்பர்த் துண்டை வெட்டி, கைப்பிடிக் கம்பிக்கும் கேமராப் பிடிக்கும் இடையே செருகினார். நடுக்கம் பாதியாகக் குறைந்தது. அந்த வெற்றியை மருத்துவமனையில் மூன்று நாள் பேசினார்.

கணவர் பேருந்து ஓட்டுநர். மனைவி மாலையில் கணினித் திரைமுன் உட்கார்ந்து, தாம் காலையில் மிதித்த சாலையை மறுபடியும் கண்கொட்டாமல் பார்ப்பதைக் கண்டு அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

"காலையிலேர்ந்து கண்ணாடி வழியா ரோட்டைப் பாத்துட்டு வீட்டுக்கு வந்தா, இங்கயும் ரோடா? ஒரு பூ, ஒரு மலைன்னு எதையாவது எடுக்கக் கூடாதா?"

"மலை அங்கேயேதாங்க இருக்கும். ரோடுதான் மாறிக்கிட்டே வரும்."

கணவரின் தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார், தெருக்கோடியில் தையல்கடை வைத்திருப்பவர். துணி வெட்டுவதிலும் பேச்சிலும் ஒரே கூர்மை என்பதால் வீட்டில் அவருக்குக் 'கத்திரி' என்று பெயர். அண்ணியைப் பார்த்துத் தாமும் ஒரு மிதிவண்டி வாங்கி, எல்லாப் பயணங்களிலும் கூடவே வருவார். பாதி வழி மிதிப்பார். மீதி வழி பேசுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், அக்கா எதற்காக உயிரை விட்டுக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

சங்கம் ஆண்டுக்கொருமுறை இருநூறு பேரைத் திரட்டி ஒரு பெரும் பயணம் போகும். வழக்கமாக நெடுஞ்சாலைதான். லாரிகளின் புகையைக் குடித்துக்கொண்டு, ஒருவர் பின்னால் ஒருவராக, பேசக்கூட முடியாமல் போய்த் திரும்புவார்கள். அக்கா இரண்டு ஆண்டுகளாக வாரம்தோறும் அலைந்து வேறொரு வழியைக் கண்டுபிடித்திருந்தார்: வாய்க்கால் கரையோடு போய், மரநிழலில் நுழைந்து, பழைய இரும்புப் பாலம் ஒன்றைக் கடந்து, ஆறு கடலில் சேரும் ஊரில் முடியும் நாற்பத்தாறு கிலோமீட்டர். இருமுறை கூட்டத்தில் எடுத்துச் சொன்னார், இருமுறையும் தோற்றார். தோற்கடித்தவர் டயர்க் கடைக்காரர். நெடுஞ்சாலையைத் தவிர வேறெதுவும் சாலையே இல்லை என்பது அவர் கட்சி. அதனால் அவருக்கு 'ஹைவே மாமா' என்று பெயர்.

"அந்தப் பாலத்துல ஒரு பஸ் வந்தா ஒரு சைக்கிள் ஒதுங்க முடியாது. இருநூறு சைக்கிள் எங்க ஒதுங்கும்? ஆத்துலயா?" என்று அவர் கேட்டால் கூட்டம் சிரித்துவிடும்.

இந்த ஆண்டு சங்கச் செயலாளர் ஒரு விதி போட்டார். அவர் மருந்துக்கடை நடத்துபவர். அளவு பார்த்துத்தான் எதையும் கொடுப்பார். "இனிமே வாயால சொல்ல வேண்டாம், படமா காட்டுங்க. முழு வழியும் வேணும். நடுவுல வெட்டக் கூடாது. பேட்டரி மாத்தினீங்கன்னா, நிறுத்தின கிலோமீட்டர் கல்லுலேர்ந்தே மறுபடி தொடங்கணும்." இதற்குக் காரணம் இருந்தது: முந்தைய ஆண்டு சங்கத்தின் சிறு பயணம் ஒன்றுக்கு வழியைப் படமாகக் காட்டிய ஒருவர் மூன்று கிலோமீட்டர்க் கல்பாதையைப் படத்திலிருந்து நைசாக வெட்டிவிட, பயணத்தன்று முப்பத்தேழு டயர்கள் பஞ்சராயின. ஞாயிறு மாலை ஏழு மணிக்குள் படம் வந்தாக வேண்டும். அன்று எந்த வழி தேர்வாகிறதோ, அடுத்த ஐந்தாண்டுக்கும் அதுவேதான்.

ஐந்தாண்டு! ஐம்பத்தோரு வயதில் மறுபடி கைதூக்கி நிற்பதைக் கற்பனை செய்து பார்த்த அக்கா, சனிக்கிழமை முழுவதும் பேட்டரிகளுக்கு மின்னேற்றிக்கொண்டிருந்தார்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். மின்சாரம் நடுவில் தீராமலிருக்க, கைப்பிடிப் பையில் பவர் பேங்கை வைத்து, ஒயர் வழியாகக் கேமராவோடு இணைத்திருந்தார். கேமராவுக்கு நாத்தனார் புதிதாக ஓர் உறை தைத்திருந்தார்: மஞ்சள் மழைத்துணி, ஒயருக்கு ஓர் ஓட்டை, லென்சுக்கு ஓர் ஓட்டை, ஓரத்தில் இரட்டைத் தையல். தூசி படாது, தூறலும் படாது. வழி நெடுக அக்கா ஒழுங்காகவே செய்தார். எங்கே இளைப்பாற நின்றாலும் உறைக்கு மேலேயே பொத்தானை ஒருமுறை அழுத்தி நிறுத்துவார், கிளம்பும்போது மறுபடி அழுத்துவார். இரும்புப் பாலத்தில் மட்டும் ஒரு பேருந்து ஹாரனை அலறவிட்டுக்கொண்டு உரசுவதுபோல் வந்தது. இருவரும் கம்பியோடு ஒட்டிக்கொண்டார்கள். 'இதுவும் படத்தில் விழுந்திருக்குமே' என்று அக்கா முணுமுணுத்தார். ஆயினும் வெட்டக் கூடாது என்றால் வெட்டக் கூடாதுதான்.

பத்தேமுக்காலுக்கு முடிவிடத்தை அடைந்தார்கள். பன்னிரண்டரைக்கு ரயில், மிதிவண்டிகளை ஏற்றிக்கொண்டு ஜம்மென்று வீடு திரும்பலாம். ரயில் நிலையத்துக்கு எதிரே தேநீர்க் கடையில் உட்கார்ந்து, அக்கா கேமராவைக் கைப்பேசியோடு இணைத்து முதல் துண்டைத் திறந்தார்.

திரையில் ஒரு சுவர். சுவரோரம் நாத்தனாரின் வாய், வாயில் பாதி பிஸ்கட். அவர் குடிநீர்க் குழாயடியில் யாரோ ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அது எங்க அண்ணி. உள்ள இருக்குற எலும்பையெல்லாம் எண்ணிடுவாங்க. மூக்குமேல இருக்குற கண்ணாடியத்தான் வீடெல்லாம் தேடுவாங்க."

அக்கா இரண்டாவது துண்டைத் திறந்தார். மரத்தடியில் ஒரு நாய் பதினோரு நிமிடம் தூங்கியது. மூன்றாவதில் மறுபடியும் ஒரு சுவர். நின்ற இடமெல்லாம் இருந்தது. மிதித்த சாலையில் ஒரு முழம்கூட இல்லை.

"கத்திரி," என்றார் அக்கா, மிக மெதுவாக. "நான் பொத்தானை அமுக்குறதுக்கு முன்னாடி, நீ ஏதாவது அமுக்கினியா?"

நாத்தனார் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "கிளம்பும்போது... நீங்க ஹெல்மெட் மாட்டிட்டு இருந்தீங்க. ஒரு உதவியா இருக்கட்டுமேன்னு..."

"உதவி!"

"ஒரே ஒரு தடவைதான் அண்ணி!"

ஒரு தடவை போதுமே. அவர் தொடங்கி வைத்ததை அக்கா நிறுத்தினார். அதன் பிறகு நிறுத்த நினைத்து அழுத்தியதெல்லாம் தொடக்கமாகவும், தொடங்க நினைத்து அழுத்தியதெல்லாம் நிறுத்தமாகவும் ஆகிவிட்டன. ஓடும்போது கேமராவில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். அதை மஞ்சள் துணி மூடிவிட்டது. பீப் ஒலி படத்தில் விழுகிறதென்று அதை அக்காவே போன மாதம் அணைத்துவைத்திருந்தார். எக்ஸ்ரே அறை வாசலில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்காமல் பதினெட்டு ஆண்டுகளில் ஒருநாளும் விசையைத் தொட்டதில்லை. இன்று நாலேமுக்கால் மணி நேரம் பார்க்காமலே அழுத்தியிருக்கிறார். நாத்தனாரை எவ்வளவு திட்டலாம் என்று கணக்குப் போட்டவர், பாதியைத் தமக்கே ஒதுக்க வேண்டியிருந்ததால் திட்டுவதையே கைவிட்டார்.

"அழாத. மூக்கைத் துடை. மணி என்ன?"

"பதினொண்ணே கால்."

"ரயில் வேண்டாம். திரும்பி மிதிப்போம்."

"அண்ணி! எதிர்க்காத்து! அதுவும் இந்த வெயில்ல! பவர் பேங்க்ல வேற ஒரு புள்ளிதான் மினுக்குது."

"அது ஏன் ஒரு புள்ளி?"

"வழியெல்லாம் பாட்டு கேட்டேன்ல... நின்ன இடத்துலயெல்லாம் என் போனை அதுலதான் சொருகினேன்."

கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். அக்கா சிரிக்கவில்லை, விரல்விட்டு எண்ணினார். கேமராவுக்குள் இருப்பது ஒன்று, பையில் உபரியாக இரண்டு. மூன்று பேட்டரி, ஒவ்வொன்றும் எண்பது நிமிடம். ஆக நான்கு மணி நேரம். அதற்குள் நாற்பத்தாறு கிலோமீட்டர். நிற்கும்போது நிறுத்தி வைக்கலாம். ஆனால் மிதிக்கும்போது ஒரு நிமிடமும் சோம்ப முடியாது. காலையில் பதிவான சுவர்களையும் நாயையும் பிஸ்கட்டையும் அழித்து இடம் பண்ணினார். மஞ்சள் உறையைக் கழற்றி நாத்தனாரின் கையில் கொடுத்தார். பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு மினுக்கியது. இருவரும் அதை ஒருமுறை பார்த்து, உறுதிப்படுத்திக்கொள்ள மறுபடியும் பார்த்தார்கள்.

"போலாமா?"

"போலாம் அண்ணி. செத்தாலும் பொத்தானைத் தொட மாட்டேன்."

முதல் எட்டு கிலோமீட்டர் பறந்தது. பாலம் தெரிந்தபோது நண்பகல். அவர்கள் பாலத்தில் ஏறி இருபது அடிகூடப் போகவில்லை. மறுமுனையில் ஒரு பேருந்து வந்து முகத்தைக் காட்டியது. காலை நினைவில் அக்காவின் கை தானாகப் பிரேக்கை நாடியது. ஆனால் அந்தப் பேருந்து உள்ளே நுழையவில்லை. இரு பக்க விளக்குகளையும் மினுக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. அருகே போகப் போகத்தான், சன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருப்பவர் யாரென்று தெரிந்தது.

"என்ன இது, ரயில்ல வரேன்னு சொன்னீங்க?" என்று கத்தினார் கணவர்.

"அப்புறம் சொல்றேங்க! படம் ஓடுது!"

"ஓடட்டும், ஓடட்டும்! சீக்கிரம் தாண்டு, பின்னாடி ஒரு ஊரே நிக்குது! ஏ கத்திரி, வாயை மூடிட்டு மிதி!"

"நான் ஒண்ணுமே பேசலையே!" என்று நாத்தனார் கத்தியபோது பேருந்துக்குள் யாரோ கைதட்டினார்கள். அதைத் தொடர்ந்து பேருந்தே கைதட்டியது.

பாலத்துக்கு அப்பால் காற்று காத்திருந்தது. மார்பில் கைவைத்துத் தள்ளுவதுபோன்ற காற்று.

"அண்ணி, என் பின்னாடி வாங்க! நான் காத்தை மறைச்சுக்கறேன்!"

"பின்னாடி வந்தா படம் முழுக்க உன் முதுகுதாண்டி தெரியும்! செயலாளர் உன் முதுகுக்கா ஓட்டுப் போடுவார்?"

ஆகவே அக்காதான் முன்னால் போயாக வேண்டியிருந்தது. நாத்தனார் சற்று யோசித்துவிட்டு, காற்று சற்றே சாய்ந்து வந்த இடப்பக்கமாக, கேமராவின் கண்ணில் படாமல் அரைச் சக்கரம் பின்தங்கி, ஒட்டினாற்போல் மிதித்தார். ஒரு பக்கத்துக் காற்றாவது குறைந்தது. அன்று அவர் பேசாமல் மிதித்த தூரம் பதினாறு கிலோமீட்டர். குடும்ப வரலாற்றில் அதற்கு ஈடில்லை.

ஊரிலிருந்து எண்ணும் முப்பத்திரண்டாம் கல்லில் முதல் பேட்டரியை மாற்றினார்கள். கல் திரையில் தெரிய நிறுத்தி, அதே கல் தெரியத் தொடங்கினார்கள். வாய்க்கால் மதகருகே நாத்தனாரின் பின்சக்கரம் புஸ்ஸென்று இறங்கியது. சரிசெய்து எழ முக்கால் மணி நேரம் போயிற்று. பதினாறாம் கல்லில் இரண்டாவது பேட்டரியும் தீர்ந்தது. வெயில் தாழும்வரை அங்கேயே இளைப்பாறினார்கள். நிழலில் படுத்துக் கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டு நாத்தனார் சொன்னார்: "நீங்க போங்க அண்ணி. எனக்குப் பசங்க இருக்காங்க."

"எனக்கும்தான் இருக்கா. எழுந்திரு."

கடைசிப் பேட்டரியில் எழுபது விழுக்காடு, ஐம்பது, முப்பது. சிறிய திரையில் எண் குறையக் குறைய, கால் தானாக வேகமெடுத்தது. சங்கக் கட்டடம் இருக்கும் தெருவில் திரும்பியபோது ஒன்பது விழுக்காடு. கடைசி வேகத்தடையில் ஏழு. வாசற்படியில் முன்சக்கரம் முட்டி நின்றபோது நான்கு. அக்கா பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு அணைந்தது. "வந்துட்டோம்!" என்று அவர் போட்ட கூச்சலில் மாடிச் சன்னல்கள் திறந்தன. மணி ஆறு இருபது.

கூடத்தில் முப்பத்தைந்து பேர் இருந்தார்கள். செயலாளர் படத்தைப் பதினாறு மடங்கு வேகத்தில் ஓடவிட்டார். வாய்க்காலும் மரங்களும் திரையில் ஆறாக ஓடின. "அடேயப்பா, என்ன நிழல்!" என்று யாரோ சொன்னார். பாலம் வரும்போது செயலாளர் கவனமாக வேகத்தைக் குறைத்தார். ஒலி மட்டும் அணைந்திருந்தது. பேருந்து பணிவாக ஒதுங்கி நிற்பதை அனைவரும் பார்த்தார்கள்.

"பாருங்க, பஸ் வழி விடுது. இதைத்தானே மாமா முடியாதுன்னீங்க?" என்றார் செயலாளர்.

ஹைவே மாமா குனிந்து செருப்பைத் தேடினார். கூடத்தில் சலசலப்பு அக்காவின் பக்கம் சாய்வது கண்கூடாகத் தெரிந்தது. நாத்தனார் அக்காவின் முழங்கையைக் கிள்ளினார்: பேசாதீங்க என்று அதற்குப் பொருள். ஆனால் அக்கா, இருநூறு பேர் அந்தப் பாலத்தில் ஏறுவதையும், காலையில் வந்த அந்த ஹாரனையும் சேர்த்து நினைத்துப் பார்த்தார். எழுந்துவிட்டார்.

"அது என் வீட்டுக்காரர் ஓட்டுற பஸ். என்னைப் பாத்துதான் நின்னாரு. காலையில வந்த வேற பஸ் நிக்கல. எங்களைக் கம்பியோட ஒட்ட வெச்சிடுச்சு."

ஹைவே மாமாவுக்கு உயிர் வந்தது. "கேட்டீங்களா! இருநூறு பேரோட வீட்டுக்காரரையும் பஸ் ஓட்ட வைக்க முடியுமா?"

கூடம் குலுங்கச் சிரித்தது. அக்காவின் காதுமடல் சூடேறியது. திரையில் உறைந்து நின்ற பாலத்தையே பார்த்தார். மூலையில் படம் தொடங்கிய பிறகு கழிந்த நேரம் இருந்தது: நாற்பத்தொரு நிமிடம். நாற்பத்தொன்று! இங்கிருந்து கிளம்பினால் எப்படி மிதித்தாலும் பாலத்தை அடைய ஒன்பதரை ஆகிவிடும். அங்கிருந்து கிளம்பினால்?

அவர் கைப்பேசியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, கணவரை அழைத்தார்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை அந்தப் பாலத்துல முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

"இப்ப எதுக்கு அது? டிப்போல வண்டி கழுவிட்டு இருக்கேன். காலெல்லாம் சோப்புத் தண்ணி."

"சொல்லுங்களேன்!"

"ஒன்பதே கால். நான்தான் ஓட்டுறேன். அதுக்கு முன்னாடி அங்க ஒரு காக்கா கூடப் பறக்காது. ஏன்?"

அக்கா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். சொற்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. "தலைகீழா போவோம்! விடியக்கால ரயில்ல சைக்கிளோட அந்த ஊருக்குப் போயிடுவோம். ஆறு மணிக்கு அங்கேர்ந்து கிளம்பினா, கூட்டமா மெதுவா போனாலும் ஏழு மணிக்குப் பாலத்தைத் தாண்டிடலாம். பஸ்ஸே கிடையாது! எதிர்க்காத்தும் பத்து மணிக்கு மேலதான். அதுக்குள்ள நிழலுக்கு வந்துடுவோம். முடியுற இடம் நம்ம வீடு! இதோ, நீங்க இப்பப் பாத்த படமே அந்தப் பக்கத்துலேர்ந்து வர்ற படம்தான்!"

செயலாளர் காகிதத்தில் நேரங்களைக் கூட்டிப் பார்த்தார். மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் இருமுறை படித்தார். பிறகு தலைநிமிர்ந்து, "இது சரியாத்தான் வருது" என்றார். கைகள் உயர்ந்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கியவர் இருபதுக்கு மேல் விரலால் சுட்டுவதை விட்டுவிட்டார். எதிர்த்தவர்களை எண்ணுவது எளிதாக இருந்தது. ஆறு பேர். ஹைவே மாமா ஏழாவதாகக் கையை உயர்த்தி, பாதியில் இறக்கி, "ஏழு மணிக்கு பஸ் வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டு, அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

நாத்தனார் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினார். கெண்டைக்கால் வலியெல்லாம் போன இடம் தெரியவில்லை. மேசைமேல் கிடந்த கைப்பேசியிலிருந்து ஒரு குரல் கத்திக்கொண்டேயிருந்தது.

"ஹலோ? ஹலோ! என்ன சத்தம் அங்க? யாராவது விழுந்துட்டாங்களா?"

"யாரும் விழலீங்க! ஜெயிச்சிட்டோம்! இருநூறு பேரும் நம்ம வழியிலதான் வராங்க!"

மறுமுனையில் குழாய்த் தண்ணீர் நின்றது.

"இருநூறா?" என்றார் கணவர். "இந்தாம்மா, ஒன்பதே காலுக்குள்ள அத்தனை பேரும் பாலத்தைத் தாண்டியிருக்கணும். ஒருத்தர் மிச்சம் இருந்தாலும் ஹாரன் அடிப்பேன். பொண்டாட்டின்னும் பாக்க மாட்டேன், தங்கச்சின்னும் பாக்க மாட்டேன்."

"அடிங்க பாக்கலாம்!" என்றார் அக்கா. கூடம் முழுவதும் அதையே திருப்பிக் கத்தியது.